ஊசி போட்ட உடம்பு

உட்காருங்க சார். பெஞ்சில் அந்த ஓரம் வேண்டாம், சிமெண்டு பெயர்ந்து கம்பி நீட்டிக்கிட்டு இருக்கு. இப்படி வாங்க.

மாஸ்டரைப் பற்றித்தானே கேட்டீங்க? தனியாக ஒரு ஆளை வைத்து உடம்பைப் பழக்குவது தேறுமா தேறாதா, கொடுக்கிற காசுக்குப் பிரயோசனம் உண்டா என்று. முதலில் டீக்கடையில் விசாரித்திருப்பீங்க. ‘அதோ அந்தப் பச்சைத் துண்டுக்காரர்தான் அவன்கிட்டப் போறார், அவரையே கேளுங்க’ என்று கையைக் காட்டியிருப்பான். கூடவே இன்னொன்றும் சொல்லியிருப்பான். சொன்னானா இல்லையா? நீங்க வாயைத் திறக்க வேண்டாம், முகத்திலேயே தெரியுது. மாட்டு முகத்தைப் பார்த்து வயிற்றில் என்ன இருக்கு என்று சொல்கிறவன் நான். மனுசன் முகம் எனக்கு எம்மாத்திரம்.

அந்த மாஸ்டர் உடம்பு ஏற ஊசி போடுகிறவன், சின்னப் பசங்களுக்கும் போட்டு விடுகிறான், அதைச் சொன்னது சென்னியப்பன்தான். அதுதானே? சரி. சென்னியப்பன் நான்தான். சொன்னேன். சொல்லவில்லை என்று எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் எதற்குச் சொன்னேன், எந்த இடத்தில் சொன்னேன் என்று இந்த ஊரில் ஒருத்தனாவது கேட்டானா? அதுதான் சார் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

மாஸ்டர் வர இன்னும் நேரம் இருக்கு. இருந்து கேட்டுவிட்டுப் போங்க.

நான் மாட்டுத் தரகன். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன். எனக்கு வாத்தியார் எல்லாம் என்னை ஏமாற்றினவர்கள்தான். முதன்முதலாக நான் பிடித்த மாடு, பல் தேய்ந்துபோன கிழம். அதற்குக் கொம்பைச் சீவி எண்ணெய் பூசி, இளசு என்று என் தலையில் கட்டினான் ஒருத்தன். அழுதுகொண்டே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் என்னை எவனும் ஏமாற்றினது இல்லை. இன்றைக்குப் பொள்ளாச்சிச் சந்தையில் நான் ஒரு மாட்டைச் சுற்றி வந்தேன் என்றால், விற்க வந்தவன் வெற்றிலையை மெல்லாமல் நிற்பான்.

அப்படிப்பட்டவன் சார். போன தை முடிந்து ஒரு சந்தையில், ஒரு பசுவின் குளம்பைப் பார்க்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் எந்திரிக்க முடியவில்லை. முட்டி பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிட்டது. ஒரு கையை மண்ணில் ஊன்றினேன், இன்னொரு கையால் பசுவின் காலைப் பிடித்தேன். அது என்னைப் பார்த்துச் சாணி போட்டது. மாட்டுக்காரன் சிரித்துக்கொண்டே சொன்னான், “தரகரே, நான் மாட்டை விக்கத்தான் வந்தேன். உங்களைத் தூக்கி உடறதுக்கு வேற கூலி ஆகும்.” சந்தையே சிரித்தது. அன்றைக்கு அந்தப் பசுவுக்கு நான் சொன்ன விலை ஒன்றும் எடுபடவில்லை. கீழே உட்கார்ந்தால் எந்திரிக்க முடியாதவன் வாயிலிருந்து வருகிற விலைக்கு எவன் மரியாதை கொடுப்பான்?

டாக்டர் அம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முட்டி தேய ஆரம்பித்திருக்கு, சக்கரையும் இருக்கு, எடையைக் குறைக்காமல் மாத்திரை மட்டும் தின்று பயனில்லை என்றார்கள். கோயமுத்தூரில் இருக்கிற என் மகள் வினோதா போனில் ஒரே பிடிவாதம். “அப்பா, பர்சனல் ட்ரெய்னர் ஒருத்தரை வெச்சுக்கோங்க.”

“கையையும் காலையும் ஆட்டறதுக்கு ஒருத்தனுக்குக் காசா? மாடு என்ன ட்ரெய்னர் வெச்சா நடக்குது?”

“மாட்டை நீங்க ஓட்டறீங்கப்பா. உங்களை ஓட்ட யாரு இருக்கா?”

என் வீட்டுக்காரி பாவாத்தா அடுப்படியில் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்த மைதானத்துக்கு வந்தேன்.

அப்போது நீங்க இந்த மைதானத்தைப் பார்த்திருக்க வேண்டும் சார். அந்த வேப்ப மரத்தடியில் வக்கீல் வீட்டம்மாவோடு பயிற்சி பண்ணுகிற பொம்பளைகள் ஒரு கூட்டம், இந்தப் பக்கம் போலீஸ் செலக்சனுக்கு ஓடுகிற பசங்க ஒரு கூட்டம், நடுவில் நவநீதன் மாஸ்டர். கபடி ஆடின உடம்பு. தோள் இரண்டும் காளையின் திமில் மாதிரி. நடக்கும்போது இடது கால் மட்டும் துளி தாமதிக்கும். நான் நேராகப் போய்க் கேட்டேன், “ஏனுங் மாஸ்டர், தனியாச் சொல்லிக் குடுக்க மாசத்துக்கு என்ன வாங்கறீங்க?”

அவர் சொன்னார். எப்படிச் சொன்னார் தெரியுமா? நடு மைதானத்தில், நாலு பேர் காது கேட்க, சத்தமாக. விலையைச் சத்தமாகச் சொல்கிற ஒரு மனுசனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்கள் தொழிலில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம் சார். துண்டைப் போட்டுக் கையை மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். எந்த விரலை எத்தனை அழுத்துகிறோம் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஆனால் மாட்டில் இருக்கிற குறையை மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வோம். சுழி சரியில்லை, பின்னங்கால் இழுக்குது, கண்ணில் பூ விழுந்திருக்கு. இருக்கிற குறை, இல்லாத குறை எல்லாம். விலை ரகசியம், குறை பகிரங்கம். அதுதான் சந்தை. விற்கிறவனும் சும்மா இருக்க மாட்டான், “உன் கண்ணுலதான் பூ, போய் அறுத்துக்கிட்டு வா” என்பான். விலை முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே கிளாஸை மாற்றி மாற்றி டீ குடிப்போம். சொன்னதை அவனும் நம்பியிருக்க மாட்டான், நானும் நம்பியிருக்க மாட்டேன், சுற்றி நின்றவன் எவனும் நம்பியிருக்க மாட்டான்.

வழக்கப்படி நான் துண்டை எடுத்துக் கையில் போட்டு மாஸ்டர் முன்னால் நீட்டினேன். அவர் பதறிப்போய், “கையில என்னங்க ஐயா, அடி பட்டுருச்சுங்களா?” என்றார்.

பொம்பளைகள் சிரித்துவிட்டார்கள் சார். ஜவுளிக்கடை முருகையனும் அங்கேதான் நடந்துகொண்டிருந்தார், அவரும் சிரித்தார். ஏற்கெனவே சந்தையில் சிரிப்பு, வீட்டில் சிரிப்பு. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறிவிடும், அது பிறவிக் குணம்.

“இடது காலு இழுக்குதே மாஸ்டர். தன் காலையே நிமித்தத் தெரியாதவரு எங்காலை எங்க நிமித்தறது?”

“அது கபடியில முட்டி உடைஞ்சதுங்க ஐயா. ஆபரேசன் பண்ணினது.”

“மூச்சும் மேல வாங்குது.”

“பசங்களோட ஓடிட்டு இப்பத்தானுங்க வந்தேன்.”

ஒவ்வொன்றுக்கும் பணிவாகப் பதில் சொல்கிறாரே தவிரத் திருப்பி அடிக்கவில்லை. திருப்பி அடிக்காதவனிடம் எப்படி விலை பேசுவது? அப்போதுதான் கடைசிச் சொல்லைப் போட்டேன். “இந்தத் தோளைப் பாருங்க எல்லாரும். இது தின்னு வந்த உடம்பா? ஊசி போட்ட உடம்பு. எத்தனை மடி பாத்தவன் நான், எனக்குத் தெரியாதா?”

சந்தையில் இது தினம் நூறு வாயில் வருகிற பேச்சு சார். மடி கொஞ்சம் நிறைந்திருந்தால் போதும், வாங்க வந்தவன் முதலில் சொல்வது ‘ஊசி போட்ட மடி’ என்றுதான். பால் சுரக்க ஊசி போட்டு ஓட்டி வந்திருக்கிறாய் என்று அர்த்தம். விற்கிறவன், “உன் வாய்க்கு ஒண்ணு போடறேன் வா” என்பான். அவ்வளவுதான்.

மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. வேப்ப மரத்துப் பக்கம் திரும்பி அந்தப் பொம்பளைகளைப் பார்த்தார். சரி, விலையை யோசிக்கிறார் என்று நான் நினைத்தேன். அப்புறம் சன்னமாகச் சொன்னார், “உங்களால என்ன முடியுதோ அதைக் குடுங்க ஐயா. நாளைக்குக் காலைல வாங்க.”

பாதிக்கு முடித்தேன். கையைப் பிடித்து, தட்டி, முடித்தேன். வீட்டுக்குப் போய்ப் பாவாத்தாவிடம், “ஒரே அதட்டு, பாதியா இறங்கிட்டான், விவரம் பத்தாத ஆளு” என்று சொல்லி இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

தேறுமா என்று கேட்டீங்களே, அதற்கு வருகிறேன்.

முதல் வாரம் என்னை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார், எந்திரிக்கச் சொன்னார். கையை ஊன்றாமல். அவ்வளவுதான். “இதுக்கா காசு? இதை என் வீட்டு நாற்காலியிலேயே பண்ண மாட்டனா?” என்று கத்தினேன். “பண்ணலாமுங்க ஐயா. பண்ணுனீங்களா?” என்றார். பண்ணவில்லைதான். பிறகு நாற்காலியை எடுத்துவிட்டு இந்தப் பெஞ்சு. பெஞ்சு போய் அடுக்கி வைத்த செங்கல். செங்கல்லையும் ஒவ்வொன்றாக உருவினார். நான் தினமும் வைவேன். மாட்டுக்குக்கூட இப்படி லாடம் கட்ட மாட்டார்கள் என்பேன். “குதிகால்ல பலத்தைக் குடுங்க ஐயா, முட்டியை முன்னால தள்ளாதீங்க” என்பார், வேறொன்றும் பேச மாட்டார். ஒரு நாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். சைக்கிளை மிதித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். பாவாத்தா காபி கொடுத்தாள். “எம் பேச்சை ஒரு நாளும் கேக்காத மனுசன், உங்க பேச்சைக் கேக்கறாரு. என்ன மந்திரம் போட்டீங்க?” என்றாள். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சித்திரைச் சந்தையில் உட்கார்ந்தேன் சார். குத்துக்காலிட்டு. குளம்பைப் பார்த்தேன், காம்பைப் பார்த்தேன், கையை ஊன்றாமல் ஒரே மூச்சில் எந்திரிச்சேன். அதே மாட்டுக்காரன் நின்றிருந்தான். “என்ன தரகரே, வயசு திரும்பிருச்சா? யார்கிட்ட வைத்தியம்?” என்று கேட்டான். “ராகிக் களி தின்னேன்” என்றேன். வேறென்ன சொல்வது? நாற்பது ஐம்பது தரகன் நிற்கிற இடத்தில், நான் ஒருத்தனுக்குக் காசு கொடுத்து உட்கார்ந்து எந்திரிக்கப் படித்தேன் என்று சொல்ல முடியுமா? எல்லோரிடமும் களி என்றுதான் சொன்னேன். இரண்டு பேர் வாங்கித் தின்றுவிட்டு வயிறு உப்பிக் கிடந்தார்கள்.

இதற்கிடையில் இங்கே கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் வேப்ப மரத்தடி காலி. பிறகு பசங்களில் ஒருத்தன் ஒருத்தனாக நின்றான். பரீட்சையாக இருக்கும், கோயில் நோன்பாக இருக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது நல்லதாகவே பட்டது. பத்துப் பேரை மேய்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் முழு நேரமும் என் ஒருத்தன் காலையே பார்த்தார். பாதிக் காசுக்கு முழு ஆள். இப்படி ஒரு பேரம் என் ஆயுசில் அமைந்ததில்லை என்று நினைத்தேன் சார்.

பிறகு ஒரு நாள் பாவாத்தா மாவு அரைக்கப் போன இடத்திலிருந்து வந்தாள். மாவு இருந்த தூக்குப் போசியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

“அந்த மாஸ்டரு பசங்களுக்கு ஊசி போடறாருன்னு நீங்க சொன்னீங்களா?”

“நான் எங்கடி அப்படிச் சொன்னேன்?”

“வக்கீல் வீட்டம்மா சொல்றாங்க. அவங்க காதால கேட்டாங்களாம். ‘சந்தையில பழம் தின்னு கொட்டை போட்ட மனுசன், பாத்த உடனே கண்டுபிடிச்சுட்டாரு’ன்னு சொல்றாங்க. பசங்களை அனுப்பறதை அதனாலதான் நிறுத்துனாங்களாம்.”

“அது பேரம் புள்ள. சந்தைப் பேச்சு.”

“அது சந்தையா?”

அவள் விடவில்லை. “வாங்கறவன் பேசறதுன்னு உங்களுக்குத் தெரியும். வக்கீல் வீட்டம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவங்க என்ன மாடு புடிச்சவங்களா?” என்றாள். அன்றைக்குச் சோற்றை எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரவில்லை. தண்ணீர்கூட நானேதான் மோந்து குடித்தேன். மாஸ்டர் என் வாசலுக்குச் சைக்கிளில் வந்து நின்றது கண்ணிலேயே நின்றது. அப்போதும் வேப்ப மரத்தடி காலியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சரி, நான் கெடுத்தது என்கிறார்கள், நானே நேர் பண்ணிவிடுகிறேன் என்று கிளம்பினேன். முதலில் முருகையன் கடை. அவருடைய மகனும் போலீசுக்கு ஓடிக்கொண்டிருந்தவன்தான். “முருகையா, நவநீதன் தங்கமான மனுசன். ஊசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உம் பையனை அனுப்பு” என்றேன்.

அவர் துணியை மடித்துக்கொண்டே ஒரு பார்வை பார்த்தார். “உங்களுக்கு எவ்வளவு தரகு தர்றான்?”

யோசித்துப் பாருங்க சார். அவர் கேட்டதிலும் தப்பு இல்லை. என் ஆயுசு முழுக்க நான் குறைதான் சொல்லியிருக்கிறேன். எதையாவது நல்லது என்று என் வாய் சொன்னால், அது நான் விற்கிற பக்கம் நிற்கும்போதுதான். அது ஊருக்கே தெரியும். குறையை நம்பினார்கள், ஏனென்றால் அதில் எனக்கு என்ன லாபம்? நிறையை எப்படி நம்புவார்கள்? அதைச் சொல்லத்தான் எனக்குக் கூலி.

இதெல்லாம் இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. சட்டையைப் பிடித்துவிட்டேன். “யாரைப் பாத்து தரகுங்கறே?” என்று கேட்டேன். துணி மூட்டை சரிந்தது, கடைப் பையன்கள் ஓடிவந்து விலக்கினார்கள். மறுநாளே பேச்சு மாறிவிட்டது, மாஸ்டர் ஆள் வைத்து மிரட்டுகிறார் என்று. மீதி இருந்த இரண்டு பசங்களும் நின்றார்கள்.

வக்கீல் வீட்டுக்குப் போகவில்லை. பாவாத்தா கதவில் குறுக்கே நின்றுவிட்டாள். “நீங்க நல்லது பண்ணக் கிளம்பாம இருந்தாலே அந்த மனுசன் பொழைச்சுக்குவாரு” என்றாள்.

கடைசியில் அவரிடமே போனேன். இதே பெஞ்சில்தான் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர், அன்றைக்கு நான் சொன்னது வெறும் பேரம், மனசில் இருந்து வந்ததில்லை என்று ஆரம்பித்தேன்.

“தெரியுமுங்க ஐயா. அன்னைக்கே தெரியும்.”

“தெரியுமா? அப்புறம் எதுக்கு எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க? எட்டி உதைச்சிருக்கணுமே.”

கயிற்றைக் கட்டி முடித்துவிட்டுத்தான் சொன்னார். “நீங்க அவ்வளவு சத்தமாப் பேசறவரு. உங்க முட்டி சரியாயிட்டா அதையும் நாலு பேருகிட்டச் சத்தமாச் சொல்லுவீங்கன்னு நெனச்சேனுங்க. அதான் பாதிக்கு ஒத்துக்கிட்டேன்.”

நான் களியைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை சார். அவருக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருக்குமோ? திருப்பூரில் ஏதோ கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை இருக்கிறதாம், இந்த மாசக் கடைசியில் போய்ச் சேரச் சொல்லியிருக்கிறார்களாம். “இங்க தனியாப் பழக ஒருத்தரு ரெண்டு பேரு புதுசா வந்தாங்கன்னா இருப்பேனுங்க. இல்லீன்னா கேட்டுல நிக்க வேண்டியதுதான்” என்றார். அந்தத் தோளைக் கொண்டுபோய்ச் சீருடைக்குள் அடைத்து, வருகிற காருக்கெல்லாம் கதவு திறக்க வேண்டியதுதான்.

அதனால்தான் நீங்க டீக்கடையில் விசாரிக்கிறதைத் தூரத்தில் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ‘நல்ல ஆள், சேருங்க’ என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். நீங்களும் தரகு என்று நினைத்திருப்பீங்க. நம்பினால் நம்புங்க, நம்பாவிட்டால் என் முட்டியைப் பாருங்க. இதோ. கை ஊன்றினேனா? இன்னொரு தடவை வேண்டுமா? இதோ. மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி பாருங்க சார், கூச்சப்படாதீங்க.

ஒன்றே ஒன்று. அவர் தொகை சொல்வார், சத்தமாகச் சொல்வார். குறைக்காதீங்க. என் வாயில் இந்தப் பேச்சு வருகிறது என்று பாவாத்தா கேட்டால் மயக்கம் போட்டு விழுவாள். ஆனாலும் சொல்கிறேன், ஒரு பைசா குறைக்காதீங்க. தேறுமா என்று கேட்டீங்களே, அவர் சொல்கிற விலைக்கு மேலேயே தேறும்.

நானா? நான் இப்போது என்ன கொடுக்கிறேன் என்றா கேட்கிறீங்க?

அது வேறு சார். அது பாதிக்குக் கை தட்டி முடித்தது. கை தட்டினதற்கு அப்புறம் வாங்கினவன் விலையை ஏற்றிக் கொடுத்தான் என்று எந்தச் சந்தையிலாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? அப்படிக் கொடுத்தால் முதலில் பேசினது தப்பு என்று ஆகிவிடாதா? நாளைக்கு எவன் என் கையைப் பிடிப்பான்? தொழிலுக்கு என்று ஒரு மரியாதை இருக்கு சார். அவரும் கேட்கவில்லையே. கேட்டால் யோசிக்கலாம். கேட்கவே மாட்டேன் என்கிறாரே மனுசன், நான் என்ன பண்ணுவது?

என்ன, அப்படிப் பார்க்கிறீங்க?

அதோ, சைக்கிளை மரத்தில் சாய்க்கிறார் பாருங்க, அவர்தான். போங்க. நேராகப் போய்ப் பேசுங்க. நான் வரவில்லை. என் பக்கத்தில் நின்று ஒருத்தர் விலை பேசினால், என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது.